வௌவாலுக்குக் கிடைத்த பெயர்



இராஜபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூர் செல்லும்போது மேற்கே துணைவரும் மலைத்தொடர், வடக்கே மேகமலையோடு சேர்கிறது. 2021இல் இரு காடுகளையும் இணைத்தே திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அமைக்கப்பட்டது. அங்குள்ள சாம்பல் நிற அணிலைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். மேகமலை உலகுக்குத் தந்த பழந்தின்னி வௌவால் ஒன்றும் உண்டு. அதன் அறிவியற்பெயர் ‘லாட்டிடென்ஸ் சலீமலியி’.

முதற்சொல் லத்தீன், அகன்ற பல்லை உடையது என்பது பொருள். அடுத்த சொல், பறவையியல் அறிஞர் சலீம் அலியின் பெயர். நம் ‘அலியின்’ என்பதில் ‘இன்’ செய்யும் பணியை, அங்கே ஈற்றிலுள்ள ‘இ’ செய்கிறது. அறிஞர்களைச் சிறப்பிக்க விலங்கியலார் பெரும்பாலும் குடும்பப் பெயரையே எடுத்தாள்வர். (விண்ணப்பப் படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டால் விழிப்பவர்கள் அல்லவா நாம்!) ‘அலி’ என்று மட்டும் சொன்னால் எந்த அலி என்று அறிவது? இங்கு இரு பெயர்களும் ஒரே சொல்லாய் ஒட்டிக்கொண்டன.

1948இல் மேகமலைத் தோட்டத்தில் இருந்த ஹட்டன் என்னும் ஆங்கிலேயர் இவ்வௌவாலைப் பிடித்து மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். எங்கும் காணப்படும் குறுமூக்குப் பழந்தின்னி வௌவால் என்றெண்ணி அங்கே வைத்துவிட்டனர். 24 ஆண்டுகள் கடந்தன. 1972இல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தோங்லோங்யா அதே உடலை ஆராய்ந்தார். வெளியே தெரியும் வால் இல்லை, பல்லமைப்பும் வேறு. புதிய இனம் மட்டுமன்று, புதிய பேரினமே என்று கண்டு பெயர் சூட்டினார். சலீம் அலி வாழ்நாளெல்லாம் உழைத்த கழகம் அது.

அதே 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. பழந்தின்னி வௌவால்களை அச்சட்டம் எலியோடும் காகத்தோடும் சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்தது, கொல்வோரைக் கேட்பாரில்லை. 2022இல் சட்டம் திருத்தப்படும் வரை இதுவே நிலை. சலீம் அலியின் பெயரைத் தாங்கிய வௌவாலோ பின்னாளில் புலி இடம்பெற்ற முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. பழைய பெயரிலேயே கிடந்திருந்தால் இதுவும் தீங்குயிர்தான்!

நெடுங்காலம் உலகறிந்த சான்று அந்த ஓர் உடல் மட்டுமே. 1993இல்தான் ஆய்வாளர்கள் இவ்வௌவாலை மீண்டும் கண்டனர். அச்செய்தியைக் கேட்கச் சலீம் அலி இல்லை, 1987இலேயே மறைந்துவிட்டார்.