முற்றும் என்று ஒரு சொல்

நந்தி கல்யாணம் பார்க்கவென்று ஒரு பங்குனியில் திருமழபாடியிலுள்ள என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். திருவையாற்றிலிருந்து ஐயாறப்பர் கொள்ளிடம் கடந்து வந்து சேர்ந்து, நந்தியெம்பெருமானுக்கும் சுயசாம்பிகைக்கும் கல்யாணம் முடிந்து, கூட்டமும் கலைந்துவிட்டது. திண்ணையில் படுத்திருந்தேன். நடுராத்திரியில் தங்கையின் மகன் என்னைத் தட்டி எழுப்பினான். அவனுக்கு ஒன்பது வயது. கொல்லைப் பக்கம் போகத் துணை வேண்டுமாம்.

"ஏண்டா, என்ன பயம்? அந்தப் படத்திலேதான் பேயை அடக்கிட்டாங்களே?" என்றேன்.

"அது போகல மாமா. அடுத்த பார்ட்ல வரும்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. அந்தப் பையன் சொன்னதில் தவறே இல்லை என்பதுதான் என்னை உறுத்திற்று.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தைகளுக்குப் பேய்க் கதையே ஆகாது என்று சட்டம் பேசுகிறவர்களின் கட்சியில் நான் இல்லை. பயப்படத் தெரியாத குழந்தைக்குத் தைரியமும் தெரியாது. நானே தொண்ணூறுகளின் பின்பாதியில் தெருவிலிருந்த ஒரே வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் 'விடாது கருப்பு' பார்த்து நடுங்கியவன்தான். வீட்டுக்குத் திரும்புகிற வழியில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்காத நாளில்லை. அந்த நடுக்கத்துக்கு இன்றைக்கும் நன்றியுள்ளவனாக இருக்கிறேன்.

அந்தத் தொடரைச் சற்று நினைத்துப் பாருங்கள். இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய 'மர்ம தேச'த்தில் அது இரண்டாவது கதை. முதலில் வந்த 'ரகசியம்' பெரிய வெற்றி. அதே சித்தர், அதே நவபாஷாண லிங்கம், அதே காவல் நாய் என்று இரண்டாம் பாகம் எடுத்திருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அப்படி எடுக்கவில்லை. வேறு ஊர், வேறு தெய்வம், வேறு கேள்வி. கருப்பின் பெயரால் விழுகிற தண்டனைகளுக்கும் மனிதமனத்தின் பிளவுக்கும் முடிச்சுப் போட்டு, ஒருவனுடைய சிறு பிராயத்தையும் வளர்ந்த பிராயத்தையும் மாற்றி மாற்றிக் காட்டி, கடைசியில் அவிழ்க்க வேண்டியதை அவிழ்த்து, விட வேண்டியதைத் தெய்வத்துக்கே விட்டு முடித்தார்கள். பயந்த குழந்தைக்குக் கணக்குத் தீர்த்துக் கொடுத்தார்கள். எழுதியவர் 2024இல் மறைந்தபோது, நடுத்தர வயதை எட்டிவிட்ட அந்தக் குழந்தைகள்தாம் அதிகம் வருந்தியிருப்பார்கள்.

இப்போது நடப்பதைப் பாருங்கள். 2011இல் வந்த 'காஞ்சனா'வை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு திருநங்கைக்கு இழைத்த அநீதியைக் குடும்பத்தோடு போய்ப் பார்க்கிற படத்தில் வைத்தார்கள். அது சிறிய காரியமல்ல. ஆனால் 2015இல் இரண்டு, 2019இல் மூன்று என்று வந்தபோது என்ன ஆயிற்று? செத்தவர் யார், கொன்றவர் யார் என்பது மட்டும் மாறிற்று. கதாநாயகன் மறுபடியும் முதலிலிருந்து பயந்தான். மறுபடியும் அவன் உடம்பில் ஆவி புகுந்தது. அநீதி என்பது பேய் உள்ளே வருவதற்கு வேண்டிய அனுமதிச் சீட்டாகிவிட்டது. 'அரண்மனை'யோ 2014இல் தொடங்கி 2024க்குள் நான்கு கட்டியாகிவிட்டது!

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. ஆர். எல். ஸ்டைன் சிறுவர்களுக்காக எழுதிய 'கூஸ்பம்ப்ஸ்' கதைகள் 1995இல் தொலைக்காட்சித் தொடராயின. முதலில் வந்தது ஒரு முகமூடிக் கதை. சிறுமியின் முகத்தோடு ஒட்டிக்கொண்ட கோர முகமூடி எதற்கும் கழலவில்லை. பெற்ற தாய் அவள் முகத்தைப் பார்த்துச் செய்து வைத்திருந்த சிலைதான், அன்பின் அடையாளமாக நின்று, அவளை மீட்கிறது. எவ்வளவு அழகான முடிவு! மறு ஆண்டே இரண்டாம் பாகம் வந்துவிட்டது. முகமூடிக்கும் மறுபடி உயிர் வந்துவிட்டது. அப்படியானால் அந்தத் தாயின் அன்பு ஓராண்டுக்குத்தானா செல்லும்? குழந்தை இதை வாய்விட்டுக் கேட்காது. மனசுக்குள் குறித்து வைத்துக்கொள்ளும்.

"விக்கிரமாதித்தன் வேதாளம் முருங்கை மரத்துக்குத் திரும்பத் திரும்ப ஏறவில்லையா?" என்று என் நண்பர் ஒருவர் மடக்கினார். ஏறிற்று. ஆனால் ஏறிய ஒவ்வொரு தடவையும் ஒரு புதிய கதையும் ஒரு புதிய கேள்வியும் கொண்டுவந்தது. பதில் சொல்லச் சொல்ல ராஜாவின் புத்தி வளர்ந்தது. கடைசியில் ஒருநாள் பதில் இல்லாத கேள்வி வந்து, வேதாளமும் மரத்தை விட்டது. வெறுங்கையோடு ஏறி இறங்குகிற வேதாளத்தை யாராவது இத்தனை நூற்றாண்டு தோளில் சுமந்திருப்பார்களா?

"நந்தி கல்யாணமும் வருஷா வருஷம்தானே?" என்றார் அவர். ஐயா, அந்தக் கல்யாணம் ஒவ்வோராண்டும் முடிகிறது. தாலி ஏறுகிறது, கூட்டம் வீட்டுக்குப் போகிறது. கட்டிய தாலியை மறு வருஷம் வரவு கருதி யாரும் அறுப்பதில்லை.

2024 நவம்பர் முதல் தணிக்கையில் யு/ஏ முத்திரையை 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். நல்லதுதான். எவ்வளவு ரத்தம், எவ்வளவு அலறல் என்று அவர்கள் அளக்கட்டும். கதை முடிந்ததா என்று அளக்க எந்த அதிகாரியாலும் முடியாது. அது எழுதுகிறவனின் பொறுப்பு. 'ஜனங்கள் கேட்கிறார்கள்' என்று அவன் கையை விரிக்கக் கூடாது. ஜனங்கள் கேட்பது இன்னொரு கதையை. நாம் கொடுப்பது அதே பேயை.

பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு 'தொடரும்' என்ற சொல்லின் ருசி நன்றாகத் தெரியும். அது சோறு போடுகிற சொல். ஆனால் 'முற்றும்' என்று போடுகிற நாளை மனதில் வைத்துத்தான் 'தொடரும்' என்று போட வேண்டும். இல்லாவிட்டால் அது கதை அல்ல, கடன்.

மறுநாள் இரவு அந்தப் பையனுக்கு நானே ஒரு பேய்க் கதை சொன்னேன். கொள்ளிடக் கரையில் நடக்கிற கதை. நன்றாகவே பயமுறுத்தினேன். முடிவில் பேய் போய்ச் சேர்ந்தது.

"மறுபடி வருமா மாமா?"

"வராதுடா. கதையைச் சொல்றவன் நான்தானே? முடிஞ்சு போச்சு" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு எழுந்து, விளக்கை மட்டும் போடச் சொல்லிவிட்டு, தனியாகவே கொல்லைப் பக்கம் போனான்.