ஓய்வு பெறுவது ஊழியர் மட்டும்தானா? ஆவணக் காப்பகங்களுக்கு ஏன் வழிகாட்டிகள் தேவை?

ஆவண அறையில் தீப்பிடித்தால் அது செய்தி. அந்த அறையில் எது எங்கே இருக்கிறது என்று முப்பது வருஷமாகத் தெரிந்துவைத்திருந்த ஊழியர் ஓய்வு பெற்றால், ஒரு பொன்னாடையோடு விஷயம் முடிந்துவிடுகிறது. இழப்பு என்று பார்த்தால் இரண்டும் இழப்புதான். தீயைத் தடுக்கச் சுவரில் கருவி மாட்டி வைக்கிறோம். அறிவு வெளியேறுவதைத் தடுக்க என்ன வைத்திருக்கிறோம்?

ஆவணக் காப்புத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களை மூத்தவர்களோடு இணைத்துவிடும் வழிகாட்டி முறை பற்றி நாம் பேச வேண்டியது இதனால்தான்.

சாமானியருக்கு இதில் என்ன இருக்கிறது?

சென்னை எழும்பூரில் இருக்கிறது தமிழ்நாடு ஆவணக் காப்பகம். ஒரு காலத்தில் இதன் பெயர் ‘மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீஸ்’. 1909-ல் கட்டி முடிக்கப்பட்ட அந்தச் சிவப்புக் கட்டிடத்துக்கு வரலாற்று ஆய்வாளர்கள் மட்டும்தான் போவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கோயில் நிலம், இனாம் நிலம் என்று வழக்கு வந்தால், 1860-களில் தயாரான இனாம் பதிவேட்டின் சான்றிட்ட நகலைக் கேட்டு அங்கேதான் போக வேண்டியிருக்கிறது.

போனவர் கையில் ஊர்ப் பெயர் மட்டும் இருந்தால் போதாது. இன்றைய ராணிப்பேட்டை மாவட்டத்து ஊரை அன்றைய வட ஆர்க்காட்டில் தேட வேண்டும். நாமக்கல் பகுதி ஒரு காலத்தில் சேலத்தோடும், இன்னொரு காலத்தில் திருச்சியோடும் இருந்தது. எந்த வருஷத்து ஆவணம் என்பதைப் பொறுத்து, தேடும் இடமே மாறும். போதாக்குறைக்கு, ஊர்ப் பெயரை வெள்ளைக்காரர்கள் எந்த எழுத்தில் எழுதினார்கள் என்பதும் தெரிய வேண்டும். அனுபவம் உள்ள ஊழியர், “இது அதுல இருக்காது, வருவாய் வாரிய நடவடிக்கையைப் பாருங்க” என்று ஒரு வார்த்தை சொன்னால் ஒரு மாதத் தேடல் மிச்சம். அந்த ஒரு வார்த்தை எந்த அட்டவணையிலும் இல்லை. அவர் தலைக்குள் இருக்கிறது.

படித்தால் வந்துவிடாதா?

ஒரு பகுதி வரும். டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகம் 1976 முதல் பயிற்சி நிலையம் நடத்துகிறது. ஓராண்டு டிப்ளமோ உண்டு. ஓர் அலுவலகத்தின் ஆவணங்களை இன்னோர் அலுவலக ஆவணங்களோடு கலக்கக் கூடாது, அவை உருவான வரிசையைக் குலைக்கக் கூடாது என்ற அடிப்படைப் பாடங்களை அங்கே கற்கலாம். பூச்சி அரித்த தாளை எப்படிப் பழுதுபார்ப்பது என்பதையும் கற்கலாம்.

ஆனால் ஓலைச்சுவடிக் கட்டைப் பிரிக்கும்போது எந்த இடத்தில் கை நிதானிக்க வேண்டும் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். தஞ்சாவூர் மராத்தியர் காலத்து ஆவணங்கள் மோடி எழுத்தில் இருக்கின்றன. எழுத்துகளைப் புத்தகத்தில் கற்றுக்கொள்ளலாம். ஓடிய ஓட்டத்தில் எழுதப்பட்ட ஒரு கணக்குத் தாளைப் படிக்க, படிக்கத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும்.

அலுவலகப் பதிவறையிலும் இதே கதைதான். ஒரு கோப்பு முடிந்ததும் ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று வகைப்படுத்துவார்கள். அதாவது ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம். நிரந்தரமாக இருக்க வேண்டிய கோப்பு ‘ப.மு.’ ஆகிவிட்டால், பத்து வருஷம் கழித்து அது விதிப்படியே அழிக்கப்படும். யாரும் தப்பு செய்ததாகவும் தெரியாது. எந்தக் கோப்பு பின்னால் தேவைப்படும் என்கிற அந்தக் கணிப்பை, பதிவறைக்கு நேற்று வந்தவர் யாரிடம் கேட்பார்?

சட்டம் படித்தவர் சீனியரிடம் ஜூனியராகச் சேர்கிறார். மருத்துவம் படித்தவர் ஹவுஸ் சர்ஜனாக இருந்துவிட்டுத்தான் தனியாக வைத்தியம் பார்க்கிறார். ஆவணத்துக்கு மட்டும் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டால் போதும் என்று இருக்கிறோம்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டால்?

அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. ஸ்கேன் செய்வது அவசியம்தான். ஆனால் டேக்கை அவிழ்த்து ஸ்கேன் செய்தவர் இணைப்புத் தாள்களை இடம் மாற்றிக் கட்டினால், கடிதம் ஒரு பக்கம், பதில் இன்னொரு பக்கம் என்று ஆகிவிடும். ஆயிரம் படங்களுக்கு எண் மட்டும் கொடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாவிட்டால், அலமாரியில் தொலைந்தது கணினியில் தொலையும். அவ்வளவுதான் வித்தியாசம். விவரம் எழுத, விவரம் தெரிந்தவர் வேண்டும்.

ஏன் நடக்கவில்லை?

பழியை ஒருவர் மேல் மட்டும் போட முடியாது. பல அலுவலகங்களில் பதிவறை என்பது ஒதுக்கித் தள்ளப்பட்டவர்களின் இடமாகப் பார்க்கப்படுகிறது. “எனக்கு யார் சொல்லிக்கொடுத்தாங்க?” என்று கேட்கும் மூத்தவர்கள் உண்டு. தனக்கு மட்டும் தெரிந்தது தன் பலம் என்று நினைப்பவர்களும் உண்டு. தனியார் மற்றும் அறக்கட்டளைத் திட்டங்களில் புதியவர்கள் குறுகிய ஒப்பந்தத்தில் வருகிறார்கள்; வேலை பிடிபடும்போது திட்டம் முடிந்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய காரணம், பணியிடம் நிரப்பப்படும் முறை. ஒருவர் ஓய்வு பெற்று, இடம் காலியாகி, பிறகுதான் அடுத்தவர் வருகிறார். இருவரும் ஒரே மேசையில் ஒரு நாள்கூட உட்காருவதில்லை.

என்ன செய்யலாம்?

முதலில், ஆவணப் பணியிடங்களில் ஓய்வுக்கு ஆறு மாதம் முன்பே அடுத்தவரை நியமிக்க வேண்டும். ஆறு மாதச் சம்பளம் கூடுதல் செலவுதான். ஆனால் மூன்று பதிற்றாண்டு அனுபவத்துக்கு அது மலிவு விலை.

இரண்டாவது, வழிகாட்டி வேறு, மேலதிகாரி வேறாக இருக்க வேண்டும். தன் பணித்திறனுக்கு மதிப்பெண் போடுகிறவரிடம் “இது எனக்குப் புரியலை” என்று சொல்ல யாருக்கும் தயக்கம் இருக்கும். அமெரிக்க ஆவணக் காப்பாளர் சங்கம் புதியவர்களையும் அனுபவசாலிகளையும் இணைத்துவிட ஒரு திட்டமே வைத்திருக்கிறது. ஒரே நிறுவனத்தில் ஆள் இல்லாவிட்டால் வேறு நிறுவனத்தில் தேடலாம். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தஞ்சையில் சரஸ்வதி மகால், தமிழ்ப் பல்கலைக்கழகம் எனத் தமிழகத்தில் அதற்கு இடம் இருக்கிறது.

மூன்றாவது, ஓய்வு பெற்றவர்களை மதிப்பூதியத்தில் வாரம் இரண்டு நாள் அழைக்கலாம். அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்து, தேடு குறிப்பாக எழுதுவதே புதியவரின் முதல் வேலையாக இருக்கட்டும். கற்றதும் ஆகும், காப்பகத்துக்கு ஓர் ஆவணமும் கிடைக்கும். இந்த நேரத்தைப் பணிநேரமாகவே கணக்கிட வேண்டும். ஓய்வு நேரத்தில் செய்யச் சொன்னால் நடக்காது.

இவற்றுக்குப் புதிய கட்டிடமோ, பெரிய நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. ஒவ்வொரு காப்பகமும் பதிவறையும் அடுத்த ஐந்து ஆண்டுகளில் ஓய்வு பெறப்போகிறவர்களின் பட்டியலை இன்றைக்கே எடுக்கலாம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவரிடம் கற்கப்போகிறவர் யார் என்று எழுத வேண்டும். எழுத ஆள் இல்லாத இடங்கள் எத்தனை என்பதை அரசு முதலில் எண்ணிப் பார்க்கட்டும்.