திருக்கச்சி நம்பி வெறும் தூதுவரா?

காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் என்னும் விசிறி வீசினார், ராமானுசருக்காகப் பெருமாளிடம் தூது போனார், அவ்வளவுதான். பூந்தமல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பியைப் பற்றிச் சொற்பொழிவுகளில் நாம் அடிக்கடி கேட்பது இதுதான். படிப்பில்லாத வெள்ளை உள்ளம், ராமானுசர் கதையில் ஒரு துணைப் பாத்திரம் என்று அவரை ஓரமாக உட்கார வைத்துவிடுகிறார்கள். இதை ஏற்க முடியாது.

படிப்பில்லாதவர் என்பது முதல் தவறு. அவர் வைணவ ஆசாரியர் ஆளவந்தாரின் சீடர். வரதர் மீது வடமொழியில் தேவராஜாஷ்டகம் பாடியவர். பிறவியைப் பாலைக் காடாகவும், நோய்களை அதில் திரியும் புலிகளாகவும், மனைவி மக்கள் வீடு நிலம் ஆகியவற்றைக் கானல் நீராகவும் அடுக்கி உருவகம் செய்யும் கவிஞரை எப்படிப் பாமரர் என்பது?

அடுத்தது தூது. ராமானுசர் மனத்தில் இருந்த ஐயங்களுக்கு வரதர் சொன்ன ஆறு வார்த்தைகளை நம்பி கொண்டுவந்தார் என்கிறது வைணவ ஆசாரியர்களின் வரலாறான குருபரம்பரை. நாராயணனே பரம்பொருள், உயிரும் இறையும் வேறு, சரணாகதியே வழி, கடைசி மூச்சில் நினைவு தப்பினாலும் குற்றமில்லை, உடல் விழுந்ததும் வீடுபேறு, பெரிய நம்பியை ஆசாரியராகக் கொள். பின்னாளைய வைணவக் கோட்பாட்டின் கரு இதற்குள் இருக்கிறது. கேட்டவர் யார் என்பதையும் பாருங்கள். தம் ஆசிரியர் யாதவப் பிரகாசரின் உரையையே மறுத்து வெளியேறியவர் ராமானுசர். அப்படிப்பட்டவர் இந்த ஆறையும் மறுபேச்சின்றி ஏற்றார் என்றால், அவற்றைக் கொண்டுவந்து சொன்ன நம்பியின் மீது அவருக்கு இருந்த மதிப்பு அத்தகையது.

நம்பியும் ராமானுசருக்கு ஆசாரியரே என்றால், "வைணவத்தில் சேர்க்கும் சடங்கான பஞ்ச சம்ஸ்காரத்தைச் செய்து வைத்தவர் பெரிய நம்பிதானே, இவர் எப்படி ஆசாரியர்?" என்று கேட்கிறார்கள். மதுராந்தகத்தில் அதைச் செய்து வைத்தவர் பெரிய நம்பிதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பே, சாலைக் கிணற்றிலிருந்து வரதருக்குத் தீர்த்தம் சுமக்கும் கைங்கரியத்தில் ராமானுசரை நிறுத்தியவர் நம்பி. தன்னைச் சீடனாக ஏற்கும்படி ராமானுசர் வேண்டியும், வைசிய குலத்தில் பிறந்த நம்பி அன்றைய வருண முறையைச் சொல்லி மறுத்தார். தடை அந்தக் காலத்தின் சமூகத்தில் இருந்தது, அவருடைய தகுதியில் இல்லை.

அந்தத் தடை எவ்வளவு கனமானது என்பதை ஒரு விருந்து காட்டும். நம்பி உண்ட மிச்சத்தை உண்ண விரும்பி ராமானுசர் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்தார். சமையல் முடிந்ததும் அழைத்துவர ஒரு தெரு வழியாக அவர் போக, நம்பி வேறொரு தெரு வழியாக வந்து, கோயிலுக்கு நேரமாகிவிட்டது என்று உடனே சாப்பிட்டுக் கிளம்பிவிட்டார். ராமானுசரின் மனைவி தஞ்சம்மாள் எச்சில் இலையைக் கோலால் தள்ளி எறிந்து, இடத்தைச் சாணமிட்டு மெழுகி, குளித்துவிட்டுக் கணவருக்குப் புதிதாகச் சமைத்தார். திரும்பி வந்த ராமானுசர் மனம் நொந்தார். பிறப்பை வைத்து அடியாரை அளக்கக் கூடாது என்று பிற்காலத்தில் அவர் காட்டிய உறுதிக்கு இந்த மெழுகிய தரையும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

பூந்தமல்லிக் கோயிலில் நம்பிக்குத் தனிச் சன்னதி இருக்கிறது. அவர் பிறந்த திருநட்சத்திரம் மாசி மிருகசீரிடம். அன்று அங்கே பேச வருகிற பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விசிறியோடு நிறுத்திவிடாதீர்கள். தேவராஜாஷ்டகத்தைச் சுலோகம் சுலோகமாக எடுத்து, தமிழில் பொருள் சொல்லுங்கள்.