பிழைப்பும் சாதகமும்

ஓவியன் ஒரு திங்கள் தூரிகையைக் கீழே வைத்தாலும் அவன் தீட்டிய படம் சுவரிலே நிற்கும். எழுத்தாளன் ஓராண்டு மௌனமாயிருந்தாலும் அவன் எழுதிய ஏடு அழியாது. இசை பயில்வோன் நிலை அத்தகையதன்று. பத்து நாள் கருவியைத் தொடாதிருப்பின் பதினோராம் நாள் விரல் மறுக்கும், குரல் நடுங்கும். ஆதலால், இசையை நாடும் ஒருவன் பொன்னைத் தேடுமுன் பொழுதைத் தேடவேண்டியவனாகிறான். வயிற்றுக்கும் உழைத்து, அப்பொழுதையும் காத்துக்கொள்வது எங்ஙனம் என்பதையே ஈண்டு நாம் ஆராயப் புகுகின்றோம்.

ஆண்டுதோறும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையிலே கர்நாடக சங்கீதத்தை அழகியற் பாடமாக எடுத்துச் சிறந்த பெறுபேறு பெறும் மாணவரைக் காண்கின்றோம். வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளிலே தரம் தரமாக ஏறுவோரும் உளர். பள்ளியை விட்டு மூன்றாண்டு சென்றபின் அவர்தம் வீணை எங்கே, மிருதங்கம் எங்கே என்று வினவினால், உறையிட்டுப் பரண்மேல் வைத்துள்ளோம் என்ற விடையே பெரும்பாலும் வருகின்றது. ஆர்வம் குன்றிற்று என்பர் சிலர். கைத்தொலைபேசி கெடுத்தது என்பர் வேறு சிலர். நமக்கு இக்காரணங்கள் உடன்பாடல்ல. அவர்கள் ஏற்றுக்கொண்ட பிழைப்பிலே அவர்களுக்கென ஒரு நாழிகையும் மிஞ்சவில்லை என்பதே நாம் காணும் காரணம்.

மலைநாட்டார்க்கு இது புதிய செய்தியன்று. துரைமார் காலத்திலே பங்களாக் கூடத்தின் வாத்தியம் பியானோ. லயத்தின் வாத்தியம் தப்பு. பியானோவின் முன் அமர்ந்தோர்க்குப் பொழுது இருந்தது. தப்பு அடித்தோர்க்கோ அவ்வாத்தியமே பொழுதைப் பறிக்கும் கருவியாயிற்று. விடியுமுன் தப்படித்து ஆட்களை எழுப்பிப் பிரட்டுக்களத்துக்கு அழைத்தார்கள். சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்திலே பாடி, சக்தி அ. பாலையா ‘தேயிலைத் தோட்டத்திலே’ எனத் தமிழாக்கிய கவிதையை வாசித்தோர் அந்த அதிகாலை முழக்கத்தை அறிவர். லயத்திலே பிறந்தவனுக்கு லயம் பிறப்புரிமை என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அதனைப் பயிலும் பொழுதோ அவனுக்கு உரிமையாகவில்லை.

எனினும் கலை முற்றும் அழிந்துபோகவில்லை. என்னை? தோட்டத்து ஆண்களுக்குக் கிடைத்த சில வேலைகள் அளந்து கொடுக்கப்பட்டவை. இத்தனை செடி கவ்வாத்து, இத்தனை முழம் கான் என்று குறித்துவிட்டால், கையோட்டமுள்ளவன் உச்சிப்பொழுது கழிந்த சிறிது நேரத்திலே கத்தியைத் துடைத்துக்கொண்டு இறங்கிவிடுவான். மாலை அவனுடையது. மாசி மாதத்திலே காமன் ஊன்றி, இரதியும் மதனுமாக வேடங்கட்டி, இரவிரவாக ஆடிப்பாடும் காமன் கூத்து இன்றளவும் நிலைத்திருப்பதற்கு அந்த மாலைப்பொழுதுகளும் ஒரு காரணம் என்று கருதுகின்றோம். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு அந்த வாய்ப்பில்லை. மாலைவரை மலையிலே நின்று, நிறுவை குறைந்தால் அரைப்பேரோடு திரும்பி, வந்தவுடன் அடுப்பை மூட்டவேண்டியவர்கள் அவர்கள். கூத்திலே இரதி வேடத்தையும் ஆண்களே கட்டிவந்தமைக்கு வழக்கத்தைக் காரணங் கூறுவர்; பெண்களுக்கு ஒத்திகைக்கு வரப் பொழுதில்லை என்பதனையும் அதனோடு சேர்த்து எண்ணவேண்டும்.

கூலி உயர்ந்தால் யாவும் சீர்ப்படும் என்று சொல்வோர் உளர். நாட்கூலி 2021இலே 1000 ரூபாவாகவும், 2024இலே 1350 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது, அது வேண்டியதே. ஆயினும் பணம் உயர்ந்தமையால் நாளின் நீளம் உயரவில்லை. ஆகவே, தொழிலைத் தெரிவுசெய்யும் இளைஞன் எவ்வளவு தருவார்கள் என்று கேட்பதோடு, எத்தனை மணி நேரத்தை எடுத்துக்கொள்வார்கள் என்றும் கேட்கவேண்டும்.

நாம் பணிபுரியும் நல்லதண்ணியை எடுத்துக்கொள்வோம். சிவனொளிபாதமலையின் அடிவாரமாகிய இவ்வூரின் ஆண்டு இரு கூறுபட்டது. மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வைகாசி வெசாக் பௌர்ணமி வரை யாத்திரைக் காலம். அப்போது இரவும் பகலும் ஒன்று. தேநீர்க்கடை, தங்குமிடம், சுமை தூக்குதல், வாகனம் ஓட்டுதல் என்று எவர்க்கும் வேலையுண்டு. வெசாக் கழிந்தால் தென்மேற்குப் பருவமழை இறங்கும்; கடைகள் அடைபடும்; ஊர் அடங்கும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்னும் பழமொழி இவ்வூர்க்கென்றே பிறந்தது போலும்! யாத்திரைக் காலத்திலே உழைத்து, மழைக் காலத்திலே சிறு சிறு வேலைகளோடு கருவியையும் கையிலெடுப்பவனுக்கு, ஆண்டிலே அரைவாசி தன் கையில் இருக்கின்றது. பிரத்தியேக வகுப்பு நடத்துவோனும், வீட்டிலே தையல் இயந்திரம் வைத்திருப்போளும், மரக்கறித் தோட்டம் செய்வோனும் இவ்வகையினரே.

இதற்கு மாறானது கொழும்புக் கடைவேலை. விடியலிற் கடை திறந்து, இரவு பத்து மணிக்குக் கணக்கு முடித்து, அங்கேயே பாய் விரித்துப் படுத்து, தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் மட்டும் ஊர் திரும்பும் இளைஞர் பலர். அவர்தம் உழைப்பை நாம் இகழோம். குடும்பக் கடன் தீர்க்கச் சென்றவனைக் குறைகூற எவர்க்கும் வாயில்லை. கடனும் இன்றி, கட்டாயமும் இன்றி, மாதச் சம்பளம் என்ற ஒரு சொல்லுக்காகச் செல்வோரை நோக்கியே பேசுகின்றோம்.

பிழைப்பைச் சாதகத்திற்கு ஏற்ப அமைத்துக்கொள்ளும் வழி நம்மவர்க்குப் பழையதே. திருவையாற்றுத் தியாகராச சுவாமிகள் (1767–1847) உஞ்சவிருத்தி எடுத்து வாழ்ந்தார். தஞ்சை அரண்மனையின் பரிசிலை வேண்டாதொழிந்தார் என்பது வழிவழிச் செய்தி. அன்றன்றைக்குப் போதுமானதைப் பெற்றுக்கொண்டமையால் எஞ்சிய நாள் முழுதும் அவர்க்கு உரியதாயிற்று. யாழ்ப்பாணத்து நாதசுர தவிற் குடும்பங்களோ திருவிழாவையும் கலியாணத்தையும் நம்பி வாழ்பவை. மார்கழி போன்ற கலியாணமற்ற மாதங்களில் அவர்தம் வீடே சாதகசாலை. தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933–1975) போன்றோர் தோன்றியது அத்தகைய மரபிலேதான். அமெரிக்க இசையாளரும் பியானோ வாசிப்பவருமாகிய பிலிப் கிளாஸ் என்பவர் நியூயோர்க்கிலே நீர்க்குழாய் பொருத்துவோராகவும் வாடகைக் கார் ஓட்டுநராகவும் உழைத்தார். 1976இலே அந்நகரின் பெரிய இசைநாடக அரங்கிலே அவரது இசைநாடகம் நிறைந்த சபையில் அரங்கேறிற்று. அதன்பின்னும் அவர் காரோட்டத் திரும்பினார். வேண்டும்போது எடுத்து வேண்டும்போது விடக்கூடிய தொழில் அது என்பதிலே அவர் இழிவு கண்டிலர்.

ஆயின் எவ்வளவு சாதகம் வேண்டும்? 1993இலே எரிக்சன் முதலிய அறிஞர் வெளியிட்ட ஆய்வொன்று இதற்கு ஒளி தருகின்றது. மேற்கு பெர்லின் இசைக் கழகத்து வயலின் மாணவரை அவர்கள் ஆராய்ந்தனர். மிகச் சிறந்தோர் வாரத்திற்கு ஏறக்குறைய 24 மணி நேரம் தனித்திருந்து பயின்றனர். இசையாசிரியராவதற்குப் பயின்ற பிரிவினரோ ஏறக்குறைய 9 மணி நேரமே. சிறந்தோர் அதனை ஒரே மூச்சிற் செய்யவில்லை. நாளுக்கு மூன்றரை மணி அளவிலே பகுத்து, பெரும்பாலும் முற்பகலிலே பயின்று, நன்றாக உறங்கியும் வந்தனர். இதனால் நாம் அறிவது யாது? அலுத்த உடம்போடு நள்ளிரவிலே கருவியைத் தடவுவது சாதகமாகாது. மனம் தெளிந்த வேளையைக் கலைக்கும், மிஞ்சிய வேளையைப் பிழைப்புக்கும் கொடுப்பவனே தேர்ச்சி பெறுகின்றான். நாளுக்கு மூன்றரை மணி நம்மவர்க்கு எட்டாதிருக்கலாம். தவறாத ஒரு மணி எட்டும். அது ஆண்டுக்கு 365 மணியாகும்.

இனி, இதற்கு எழும் தடையையும் நோக்குவோம். சுயதொழில் செய்வோர்க்கு ஊழியர் சேமலாப நிதி இல்லை; நோயுற்ற நாளுக்குக் காசில்லை; ஊரே முடங்கினால் உலையும் முடங்கும் என்பர். உண்மையே. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பின்னும், 2020இலே பெருந்தொற்றின்போதும், 2022இலே எரிபொருளின்றி வாகனங்கள் நின்றபோதும், வருவோரை நம்பிப் பிழைப்பவர் பட்ட பாட்டை எவர் மறப்பர்? ஆதலால் இவ்வழியிற் செல்வோன் ஆறு மாதத்து அரிசியை முன்னரே ஒதுக்கக் கற்கவேண்டும், ஆசைகளைச் சுருக்கவேண்டும், முதியோரும் குழந்தைகளும் தன்னை நம்பியிருப்பின், வீட்டாரோடு கலந்து பேசியே இறங்கவேண்டும்.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. நேரம் தன் கையில் உள்ள தொழிலே நேரத்தை முற்றாக விழுங்குவதும் உண்டு. முச்சக்கர வண்டி ஓட்டுவோன் இன்னும் ஓர் ஓட்டம், இன்னும் ஓர் ஓட்டம் என்று இரவாக்குவான். வகுப்பு நடத்துவோன் ஞாயிறு காலையையும் விற்றுவிடுவான். எசமான் இல்லாத இடத்திலே ஆசை எசமானாகின்றது. எனவே நாம் கூறும் விதி ஒன்றே: பிழைப்பு வளையலாம், சாதக வேளை வளையலாகாது. காலை ஐந்து முதல் ஆறு என்று குறித்தால், யாத்திரைக் காலத்தின் கடும் நெருக்கடி தவிர்ந்த எந்நாளும் அது கோயிற் பூசை வேளை போல் நிற்கவேண்டும். வரவுசெலவுக் கொப்பியிலே ரூபாய்க்கு ஒரு நிரல், மணிக்கு ஒரு நிரல் வரைந்து மாத முடிவிலே இரண்டையும் கூட்டிப் பார்ப்பது நன்று. மணி நிரல் வெறுமையாயின், நெகிழ்வான தொழில் என்பது வெறும் பெயரளவே.

இடவசதியும் வேண்டும். லயத்து அறைக்கு அடுத்த அறையோடு ஒரு சுவரே. அங்கே நோயாளி இருப்பார், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும். மின் கீபோர்டு பயில்வோன் செவிக்கருவி அணிந்து ஓசையின்றிப் பயிலலாம். பாடுவோனும் மிருதங்கமோ தப்போ பயில்வோனும் எங்கே செல்வார்? பெண்பிள்ளைகள் இருட்டியபின் எங்கே செல்வார்?

இங்கேதான் பழைய மாணவர் சங்கத்தாரை நோக்கி ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். யூபிலி ஆண்டிலே நினைவுப் பரிசும் கேடயமும் வழங்க எண்ணுவது நல்லதே. அவற்றோடு, பள்ளி தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் திறந்திருக்கும் சாதக அறை ஒன்றையும் அமைப்பார்களாக. இரண்டு சுருதிப்பெட்டி, ஒரு வீணை, ஒரு மிருதங்கம், ஒரு தப்பு, ஒரு கீபோர்டு, பொறுப்பான ஒருவர் கையிலே திறவுகோல் — இவை போதும். பள்ளியை விட்டுச் சென்றோர்க்கும், மலையிலிருந்து இறங்கிவரும் இளம் பெண்களுக்கும் வாரத்திற் சில மணி நேரம் அவ்வறை திறக்கட்டும். தோட்டங்களுக்கு அண்மையிலுள்ள பாடசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் இவ்வாறு செய்ய உதவினால் பயன் பெருகும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். மகன் ஐயாயிரம் ரூபாய் குறைந்த வேலையை ஏற்று, காலைப்பொழுதைத் தம்புராவுக்குக் கொடுக்கின்றான் எனின், அவனைச் சோம்பேறி என்று ஏசாதீர்கள். அவன் கொப்பியின் மணி நிரலைக் கேட்டுப் பாருங்கள். அது நிறைந்திருப்பின், அவன் உழைப்பாளியே. தப்பொலி நம் முன்னோரை வேலைக்கு அழைத்த காலம் ஒன்றிருந்தது. அதே ஒலி நம் பிள்ளைகளைச் சாதகத்திற்கு அழைக்கும் காலம் வருவதாக. வாழ்க கல்லூரி, வளர்க கலை.