குப்பைப் படங்களைச் சேர்ந்திருந்து பார்த்தல்

மாதக் கடைசிச் சனிக்கிழமைகளில் யாழ்ப்பாணத்தில ஒரு ரியூசன் கொட்டிலுக்குள்ள நாங்கள் கொஞ்சப்பேர் பழைய படம் போடுறம். பகலில இரசாயனவியல் நடக்கிற அதே வாங்குகள், அதே வெள்ளைச் சுவர். போடுறதெல்லாம் 'நல்ல படம்' எண்டு ஆரும் பரிந்துரைக்காத படங்கள். ஜெய்சங்கர் குதிரையில வாற கர்ணனின் கௌபோய்ப் படங்கள், ராம்சே சகோதரர்களின் ஹிந்திப் பேய்ப் படங்கள், எழுபதுகளில அமெரிக்காவின்ர மலிவுத் தியேட்டர்களுக்கெண்டே எடுத்த அடிதடிகள். உலக சினிமா பாக்க யாழ்ப்பாணத்தில ஒரு விழாவே நடக்குது. கழிச்சுவிட்ட படங்களுக்கு இந்தக் கொட்டில்தான்.

இந்த வேலையை நான் ஆதரிக்கிறன், அதை முதலே சொல்லிப்போடுறன். எங்கட அப்பாமாரும் மாமாமாரும் றீகலிலயும் வின்சரிலயும் வெலிங்டனிலயும் முண்டியடிச்சு ரிக்கற் எடுத்தது 'வாடைக்காற்று' மாதிரிப் படங்களுக்கு மட்டுமெண்டு ஆராவது சொன்னா நம்பாதையுங்கோ. 1980இல வந்த 'ஜம்பு' எண்ட பெயரைச் சொல்லிப் பாருங்கோ, அறுபது தாண்டின ஆக்களின்ர முகத்தில ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பும் எங்கட சினிமா வரலாறுதான்.

ஆனா போனமாதம் ஒண்டு நடந்தது. படத்தின்ர பெயர் தேவையில்லை, அப்பிடியான காட்சி அந்தக் காலத்துப் பழிவாங்கல் படங்கள் எத்தினையோவில இருக்கு: வில்லன் ஒரு பெண்ணைத் துரத்திறான், அவள் கத்திறாள், கமரா அவளின்ர பக்கம் நிக்காமல் அவன்ர கண்ணா மாறி நிக்குது. அதுவரைக்கும் பகிடி பண்ணிக்கொண்டிருந்த பின்வாங்குப் பெடியள் அதே உற்சாகத்தில விசிலடிச்சாங்கள். முன்னுக்கு இருந்த ஒரு பிள்ளை பையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போயிட்டா. கூட வந்த ரெண்டுபேரும் போயிட்டினம்.

பிறகு எங்களுக்குள்ள சண்டை. ஒரு பகுதி, "அந்தக் காலத்துப் படம்தானே, விடுங்கோவன்" எண்டது. மற்றப் பகுதி, "இனி அப்பிடியான காட்சியை ஓட்டிவிடுவம்" எண்டது. ரெண்டுமே எனக்குச் சரியாப் படேல்லை. படம் அந்தக் காலத்தது, விசில் இந்தக் காலத்தது. வெட்டிப்போட்டுக் காட்டினா, அந்தப் படங்கள் எதை வித்துக் காசு பாத்தவை எண்டதையே நாங்கள் மறைச்சுவிடுறம்.

எங்கட சிரிப்பிலயும் ஒரு கோளாறு இருக்கு. கர்ணன் முதலில ஒளிப்பதிவாளர். 'காலம் வெல்லும்', 'கங்கா', 'ஜக்கம்மா' எல்லாத்திலயும் குதிரை ஓடேக்க கமராவும் சேர்ந்து ஓடுற ஓட்டத்துக்காகவே ஆக்கள் பாத்தவை. நாங்கள் போடுறது என்ன? யூரியூப்பில இருந்து இறக்கின, மூலையில ஏதோ சனலின்ர இலச்சினை ஒட்டின, தூசியும் குதிரையும் ஒண்டாக் கலங்கிப்போன பிரதி. அதைப் பாத்து "ஐயோ, என்ன படம்!" எண்டு சிரிக்கிறது லேசு. பாதிச் சிரிப்பு படத்துக்கு இல்லை, பிரதிக்கு.

இது எங்கட கொட்டிலில மட்டும் வந்த சண்டையும் இல்லை. 1973இல வந்த 'கொஃபி'யை எடுங்கோ. பாம் கிறியர் ஒரு தாதி. தங்கச்சியைப் போதையில விழுத்தின கூட்டத்தைத் தேடித்தேடிச் சுடுறா. கமரா அவவின்ர உடம்பை விடுறதேயில்லை, அதேநேரம் துவக்கு அவவின்ர கையில. அந்தக் காலத்தில கறுப்பினப் பெண் ஒருத்தி ஒரு முழுப் படத்தையும் தூக்கிக்கொண்டு போறது சின்ன விசயமில்லை. ஆனா அதுக்கு முதல் வருசமே அந்தவகைப் படங்கள் தங்கட சனத்தைக் கேவலப்படுத்துது எண்டு கறுப்பின உரிமை அமைப்புகள் கூட்டணி சேர்ந்து எதிர்த்தவை. 'பிளக்ஸ்பிளொயிட்டேஷன்' எண்ட பெயரே அந்த எதிர்ப்பில இருந்து வந்தது. பிறகு ரசிகர்கள் அதையே செல்லப் பெயராக்கிப்போட்டினம். ரெண்டு பக்கமும் உண்மை இருக்கு எண்டுதான் நான் நினைக்கிறன். அதாலதான் அதைத் தனிய கைத்தொலைபேசியில பாக்காமல் பத்துப்பேரோட இருந்து பாக்கவேணும். ஆனா அந்தப் பத்துப்பேரில பெட்டையள் இல்லையெண்டா அது திரையிடல் இல்லை, பெடியளின்ர ஒளிச்சுப் பாக்கிற வேலை.

நான் கேட்டது பெரிசா ஒண்டுமில்லை. அறிவித்தலில படத்துக்குள்ள என்ன இருக்கெண்டு போடுங்கோ. முடிஞ்ச உடன மோட்டச்சைக்கிளை ஸ்ராட் பண்ணாமல் லைற்றைப் போட்டு அரைமணித்தியாலம் கதையுங்கோ. ஆர் ஏன் விசிலடிச்சது எண்டும் கதையுங்கோ, சங்கடமா இருந்தாலும்.

எழும்பிப்போன பிள்ளையிட்ட நான் போய்க் கதைச்சனான். "படத்தால போகேல்லை அண்ணா, பின்னுக்கு இருந்தவையாலதான் போனனான்" எண்டா. வாற சனிக்கிழமை 'கொஃபி' போடுறம். அறிமுகம் செய்யிறது அவதான். ஏழு மணிக்கு. வாங்குகள் காணாது, பாய் இருந்தால் கொண்டுவாங்கோ.