கடுகுச் செடியும் கால மழையும்

பரிணாமம் என்றதும் நம்மில் பலருக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளும், கல்லாய்ப் போன எலும்புகளுமே நினைவுக்கு வருகின்றன. ஒரு மாணவி ஆறாம் வகுப்பில் சேர்ந்து, பள்ளிப் படிப்பை முடித்துச் செல்வதற்குள் அது நிகழக்கூடும் என்றால் நம்புவீர்களா, தோழியரே?

அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில் கடுகுக் குடும்பத்துக் களைச்செடி ஒன்று உண்டு. (டர்னிப் கிழங்கும் இதே இனந்தான்!) அங்கே மழை குளிர்காலத்தில், கோடை முழுவதும் வறட்சி. மழையில் முளைத்து, மண்ணின் ஈரம் காயுமுன் பூத்து, விதை விட்டு மடிவதே இச்செடியின் வாழ்க்கை. 1997-இல் இரண்டு இடங்களில் இதன் விதைகள் சேகரிக்கப்பட்டன. இடையே சில ஆண்டுகள் மழை பொய்த்தது. 2004-இல் அதே இடங்களில் மீண்டும் விதை எடுத்தனர். ஸ்டீவன் பிராங்க்ஸ், ஷீனா சிம், ஆர்தர் வைஸ் என்னும் மூவர் இரு காலத்துச் செடிகளையும் ஒரே சூழலில் வளர்த்து, 2007-இல் முடிவை வெளியிட்டனர். பிந்திய சந்ததி முன்னோரைவிட முந்திப் பூத்தது: ஓரிடத்துச் செடிகள் 1.9 நாள், மற்றோரிடத்தவை 8.6 நாள். இரு காலத்தவற்றையும் கலந்து பெற்ற செடிகளோ இடைப்பட்ட நாளில் பூத்தன. எனவே இது மரபு வழி வந்த மாற்றமே.

இங்கேதான் எனக்கு ஒரு மனக்குறை. "செடி வறட்சிக்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டது" என்று தேர்வில் எழுதுகிறோம், மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது! எந்தச் செடியும் தன் மரபை மாற்றிக்கொள்ளவில்லை. பிந்திப் பூத்தவை விதை முற்றுமுன் காய்ந்தன. முந்திப் பூத்தவற்றின் விதைகளே மிகுதியாக மண்ணில் விழுந்தன. எத்தனை செடிகளின் சாவை அந்த ஒற்றை வாக்கியம் மறைத்துவிடுகிறது!

அப்படியானால் எல்லாமே முந்திப் பூத்துவிடலாமே என்பீர்கள். முந்திப் பூப்பது சிறுத்த செடியாகவே பூக்கிறது. மழை நீளும் ஆண்டில், நன்கு கிளைத்துப் பிந்திப் பூப்பதே விதையை அள்ளித் தரும். 8.6 நாள் முந்தியவை ஈரமான இடத்துச் செடிகள் என்பதையும் கவனியுங்கள். வறண்ட இடத்தவை முன்பே சீக்கிரம் பூப்பவை.

மழை எப்படி மாறினாலும் தாவரங்கள் பிழைத்துக்கொள்ளும் என்று இதைக் காட்டிச் சிலர் ஆறுதல் கூறக்கூடும். என்னால் அதை ஏற்க இயலவில்லை. கடுகுச் செடி ஆண்டுக்கொரு தலைமுறை காண்பது. ஆகவே ஏழாண்டு அதற்குப் போதுமாயிற்று. முதற்பூ பூக்கவே பல்லாண்டு காத்திருக்கும் மரத்துக்கு அந்த ஏழாண்டில் ஒரு தலைமுறைகூட ஆகாது.