ஆய்வுக்கூடமும் அடிகுழாயும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி ஒருவர்)

சென்ற பருவத் தேர்வு விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். திண்ணையில் அமர்ந்து பிளாஸ்மா பற்றிய பாடத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் தாயார் கேட்டார்: "அது என்ன கண்ணு பிளாஸ்மா? அதைப் படிச்சா நம்மூருக்கு என்னத்துக்காகும்?"

என் தாயார் எட்டாம் வகுப்போடு நின்றவர். பல்லடம் பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் சத்துணவுக்கூட உதவியாளர். தந்தையார் தறி ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான்தான். ஆகவே அந்தக் கேள்வியில் ஏளனம் இல்லை. வீட்டுக் கணக்கு இருந்தது. அன்று விடை சொல்லத் தெரியாமல் சிரித்து மழுப்பிவிட்டேன். இக்கட்டுரையே நான் சொல்லத் தவறிய விடை.

படித்தவர்களும் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்கிறார்கள். குழந்தைகள் வயிற்றுப்போக்கில் வாடும் நாட்டில் பிளாஸ்மா ஆராய்ச்சி ஒரு கேடா என்பார் ஒருவர். குஜராத்தின் காந்திநகர் அருகே பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் 1989-ஆம் ஆண்டு முதல் 'ஆதித்யா' என்னும் டோகாமாக் கருவி இயங்கத் தொடங்கியதையும், பிரான்சு நாட்டில் எழும் பன்னாட்டு அணுக்கரு இணைவு உலையில் இந்தியா பங்கு கொண்டிருப்பதையும் வீண் செலவென்பார். இன்னொரு சாராரோ, "ஊர் ஊராய்ப் போய்த் தண்ணீரையும் குழந்தையின் எடையையும் சோதிப்பது சமூக சேவை, அது எங்கே அறிவியலாகும்?" என்பார். இரு சாராரும் தவறுகிறார்கள் என்பது என் துணிபு.

வயிற்றிலிருந்தே தொடங்குவோம். மேட்டுப்பாளையத்தில் மலை இரயில் ஏறினால் வந்துவிடும் குன்னூர். அங்குள்ள பாஸ்டர் நிறுவனத்தின் ஒரே ஓர் அறையில், 1918-இல் இராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். வைட்டமின் குறைந்த உணவைக் குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நரம்பு தளர்வதற்கு முன்பே அவற்றின் குடல் பழுதுபட்டு அழற்சி கண்டது. இதனை 1921-இல் நூலாகவே வெளியிட்டார். அந்த ஓர் அறை வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. நம் மலையில் முளைத்த விதை அன்றோ அது!

அடுத்து வேலூர். 1960-களிலும் 70-களிலும் அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பேக்கர், மாத்தன் முதலிய மருத்துவர்கள் குடலின் உட்சுவரை ஆராய்ந்தார்கள். நோய் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாத எளிய மக்களின் குடலுறிஞ்சிகள்கூடக் குட்டையாகவும் தடித்தும் இருக்கக் கண்டார்கள். மீண்டும் மீண்டும் கிருமி நுழையும் குடல் ஓயாத அழற்சியில் கிடக்கிறது. உண்ட உணவின் சத்து முழுமையாக உடம்பில் ஒட்டுவதில்லை. இந்நிலையை இன்று சூழல் சார்ந்த குடல் நோய் என்று உலக அறிஞர்கள் ஆராய்ந்து வருகிறார்கள். என் தாயார் தினமும் முட்டையும் சோறும் பரிமாறுகிறார். ஆனால் அப்பிள்ளை பள்ளிக்கு வெளியே அசுத்தமான அடிகுழாய்த் தண்ணீரைக் குடித்தால், பரிமாறிய சத்தில் ஒரு பங்கு வீணாகிறது. சத்துணவுக்கூடத்தின் கணக்கேட்டில் ஏறாத நட்டம் இது.

இனி என் வீட்டுக் கதை ஒன்று. எனக்குப் பத்து வயதிருக்கும்போது என் தம்பிக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. கண் குழி விழுந்து துவண்டு கிடந்தான். "தண்ணி குடுக்காதே புள்ளே, குடுத்தா இன்னும் போகும்" என்று அம்மிச்சி தடுத்தார். அன்பினால்தான் தடுத்தார். நல்ல வேளையாக வந்து சேர்ந்த நர்சம்மா ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, ஒரு லிட்டர் ஆறவைத்த வெந்நீரில் கரைத்துக் கரண்டி கரண்டியாகப் புகட்டச் சொன்னார். மறுநாள் மாலை அவன் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டான். அந்தப் பொட்டலத்தில் இருந்தது உப்பும் சர்க்கரையும் கலந்த உயிர்காக்கும் தூள்.

அதன் வரலாற்றைக் கல்லூரிக்கு வந்த பின்னரே அறிந்தேன். 1960-இல் இராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியல் அறிஞர், குடற்சுவரில் சர்க்கரையும் சோடியமும் கைகோத்துக்கொண்டே உள்ளே போகின்றன என்று விளக்கினார். அவர் காலராவுக்கு மருந்து தேடியவரல்லர். சர்க்கரை எப்படி உள்ளே போகிறது என்று அறிய விரும்பியவர். வயிற்றுப்போக்கின்போதும் அந்த வாயில் அடைபடுவதில்லை. உப்பும் சர்க்கரையும் நுழைந்தால் பின்னாலேயே தண்ணீரும் நுழையும். பின்வந்த மருத்துவர்கள் இதைப் பற்றிக்கொண்டார்கள். 1971-இல் வங்கதேச அகதிகள் குவிந்த பங்காவ் முகாமில் காலரா பரவி, ஊசிவழி ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகாலனபிஸ் துணிந்து வாய்வழிக் கரைசலையே கொடுத்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு, நான்குக்கும் கீழே இறங்கியது!

1960-இல் கிரேனைப் பார்த்து, "இதனால் ஊருக்கு என்ன பயன்?" என்று ஒருவர் கேட்டிருந்தால், அவரும் என்னைப்போலச் சிரித்து மழுப்பியிருப்பாரோ என்னவோ! என் தம்பி பிழைத்தது அந்த விடை தெரியாத ஆராய்ச்சியினால். ஆனால் ஆராய்ச்சி மட்டும் அவனைக் காப்பாற்றிவிடவில்லை. பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீதிவரை நடந்து வந்த நர்சம்மா இல்லையேல், கிரேனின் அறிவு நூலகத்திலேயே உறங்கியிருக்கும்.

சரி, பிளாஸ்மாவுக்கு வருவோம். வாயுவினூடே மின்சாரம் பாய்ந்து, அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து, மின்னூட்டம் கொண்ட துகள்களின் கூட்டமாக மாறும் நிலையே பிளாஸ்மா. பருப்பொருளின் நான்காம் நிலை. இதற்கு 1928-இல் அப்பெயரைச் சூட்டியவர் இர்விங் லாங்மியூர். அணுக்களைச் சுமந்தோடும் இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை இது அவருக்கு நினைவூட்டியது என்று அவருடன் பணியாற்றியவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். இயற்பியல் தன் சொல்லையே மருத்துவத்திடம் கடன் வாங்கியிருக்கிறது! நாமோ இரண்டு துறைக்கும் நடுவே சுவர் எழுப்பி வைத்திருக்கிறோம்.

என் தாயாரின் பள்ளியில் நன்கொடையாக வந்த குடிநீர்க் கருவி ஒன்று இருக்கிறது. அதனுள் ஒரு விளக்கு நீலமாய் ஒளிரும். பாதரச ஆவியில் மின்சாரம் பாய்ந்து எழும் பிளாஸ்மாதான் அது. நம் வகுப்பறைக் குழல்விளக்கிலும் அதே பிளாஸ்மாதான். அங்கே உட்பூச்சு புற ஊதாக்கதிரை வெளிச்சமாக மாற்றிவிடுகிறது, இங்கே கதிர் அப்படியே தண்ணீரில் பாய்கிறது. ஏறத்தாழ 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள அக்கதிர், கிருமிகளின் மரபுப்பொருளைச் சிதைத்து அவை பெருகாமல் செய்கிறது. ஆக, "பிளாஸ்மா நம்மூருக்கு என்னத்துக்காகும்?" என்று கேட்ட என் தாயார், தினமும் அதற்கு முன்னால்தான் குடம் வைத்துக் காத்திருக்கிறார்!

ஆனால் விடை இத்துடன் முடியவில்லை. இவ்வகை விளக்கு சில ஆயிரம் மணி நேரம் எரிந்த பின், கண்ணுக்கு நீலமாகவே தெரியும். கிருமியைக் கொல்லும் வலிமையோ குறைந்துவிடும். விளக்கு எரிகிறது என்று நம்பிக் குடிக்கும் குழந்தையின் வயிற்றில் என்ன நடக்கிறது? இதை இயற்பியல் மட்டும் சொல்லாது. மருத்துவம் மட்டும் சொல்லாது. தண்ணீரை எடுத்துச் சோதித்து, எத்தனை பிள்ளைகள், எத்தனை நாள், என்ன நோய் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மக்கள் நலவாழ்வு என்பது இந்த எண்ணிக்கையின் அறிவியல். அது சேவை மட்டுமன்று. மற்ற இரண்டையும் மெய்யா பொய்யா என்று சோதிக்கும் உரைகல்.

அந்த உரைகல் நம் கைக்கு எட்டாததும் அன்று. குவாலியரில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிஞர்கள் 1982-இல் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார்கள். வேதிப்பொருள் தோய்த்த காகிதம் உள்ள குப்பியில் தண்ணீரை ஊற்றி, வெதுவெதுப்பான இடத்தில் ஒரு நாள் வைத்தால், மலக்கழிவு கலந்த நீர் பெரும்பாலும் கறுத்துவிடும். கறுப்பதற்குக் காரணம் ஹைட்ரஜன் சல்பைடு. மின்சாரமும் வேண்டாம், நுண்ணோக்கியும் வேண்டாம்.

மாணவ நண்பர்களே, நம் கல்லூரிக்கு எத்தனை ஊர்களிலிருந்து நாம் வருகிறோம்! அன்னூர், சூலூர், அவிநாசி, பொள்ளாச்சி, காங்கேயம் என்று நம் பேருந்துப் பயணச் சீட்டுகளைச் சேர்த்தாலே கொங்கு நாட்டின் வரைபடம் ஆகிவிடும். வேதியியலார் குப்பியைத் தயாரிக்கட்டும். விலங்கியலார் கிருமியை விளக்கட்டும். இயற்பியலார் விளக்கின் கதிரை அளக்கட்டும். கணிதத்தார் எண்ணிக்கையைச் சீர்தூக்கட்டும். ஒவ்வொருவரும் தத்தம் ஊர்ப் பள்ளித் தண்ணீரை ஆண்டுக்கு இருமுறை, கோடையில் ஒன்றும் மழைக்குப்பின் ஒன்றுமாகக் கொண்டுவந்தால் போதும்.

"பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை" என்று ஆசிரியப் பெருமக்கள் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் விடை முன்பே தெரிந்த சோதனைகளைத்தானே இரண்டு ஆண்டுகளாகச் செய்துவருகிறோம்! விடை தெரியாத ஒரே ஒரு சோதனையை எங்களுக்குத் தாருங்கள் என்று பணிவுடன் வேண்டுகிறேன்.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது என் பையில் பாடநூலோடு இரண்டு குப்பிகளும் இருக்கும். ஒன்றில் நீல விளக்கின் தண்ணீர். மற்றொன்றில் அடிகுழாய்த் தண்ணீர். மறுநாள் காலை என் தாயாரையே பார்த்துச் சொல்லச் சொல்வேன்.